உயரமும் உயர்வும்

பழந்தமிழர் உயரத்தைப் போற்றினர். வேந்தர் பெயர்க்கு முன்னே 'நெடு' என்னும் அடையை வைத்து நெடுஞ்செழியன் என்றும், நெடுஞ்சேரலாதன் என்றும், நெடுங்கிள்ளி என்றும் வழங்கினர். தகடூர் ஆண்ட அதியமானும் நெடுமான் அஞ்சி எனப்பட்டான். உலகளந்த திருமாலுக்கு நெடியோன் என்பது பெயர். ஆயினும் அந்நெடியோனே மாவலியிடம் மூவடி மண் இரக்கச் சென்றபோது குறளுருக் கொண்டு சென்றான் என்பதையும் நம் முன்னோர் மறவாது சொல்லிவைத்தனர். உயரம் ஒருவனுக்கு வாய்த்த பேறு. அப்பேற்றினால் அவன் எவ்வளவு ஆற்றக்கூடியவன் என்பது வேறாக ஆராயப்பட வேண்டிய பொருள். வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒருவனை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தபின் அவனுக்குரிய வினையிலே அவனை அமர்த்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஆசிரியத் தொழிலுக்கு நாடோறும் வேண்டப்படுவன.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் யான் இம்மலரிலே கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். ஆடுகளத்தில் யான் ஒருநாளும் பந்தெறிந்தவனல்லேன். ஆயினும் அணியின் பொறுப்பாசிரியர் என்னும் பணி என் தலையில் வந்து சேர்ந்தது. சுகததாச உள்ளரங்கிலே தண்ணீர்ப் போத்தல்களுக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் காவலாக விசுப்பலகையில் அமர்ந்திருந்து ஆட்டத்தைக் கற்றேன். செய்யுளில் அடியும் சீரும் எண்ணிப் பழகிய கண்ணுக்கு, ஆடுகளத்தில் ஒருவன் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணுவது அத்துணை அரிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் அணியில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் இங்கு வேண்டா. பதினெட்டு வயதில் ஆறடி ஐந்தங்குலம் வளர்ந்திருந்தான். 100ஆம் இலக்கப் பேருந்தில் வெள்ளவத்தையிலிருந்து வரும்போது கழுத்தை மடித்துக்கொண்டே நிற்பான். வகுப்பிலே அவன் முழங்கால் மேசைக்குள் அடங்குவதில்லை. கொழும்புப் பாடசாலை அணிகளுள் அவனுக்கு நிகரான உயரம் அருமையாகவே காணப்பட்டது. வளையத்தின் அடியில் அவன் நின்றால், தப்பிவந்த பந்துகள் யாவும் அவன் கைக்கே சென்றன. பார்வையாளர் ஆரவாரிப்பர், அடுத்த பாடசாலை ஆசிரியர்கள் எம்மைப் பார்த்துப் பெருமூச்செறிவர்.

அவன் உயர்தரத் தேர்வுக்கு ஓராண்டு இருந்த வேளையில் பெற்றோர் இருவரும் என்னைத் தேடி வந்தனர். வெளிநாட்டுக் கல்வி முகவர் ஒருவர் அவர்களைக் கண்டிருக்கிறார். பெருந்தொகை ஒன்றைச் செலுத்தினால் அமெரிக்காவிலே ஓர் ஆயத்தப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாகவும், அங்கிருந்து பல்கலைக்கழகம், அதன்பின் உலகப் புகழ்பெற்ற என்.பி.ஏ. தொழில்முறைச் சங்கம் எனப் படிப்படியாக ஏறலாம் எனவும் அவர் சொல்லியிருக்கிறார். தந்தையார் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலிருந்த தம் தொடர்மாடி வீட்டை ஈடுவைக்கத் துணிந்திருந்தார். தாயார் கேட்டது ஒரே கேள்வி: "சேர், இவனிட்ட உண்மையா அந்தத் திறமை இருக்கோ, இல்லாட்டி வளத்தி மட்டும்தானோ?" வேறு எவரும் கேளாத கேள்வியை அவ்வம்மையார் கேட்டார். இரண்டு கிழமை தவணை வாங்கினேன்.

அவ்விரு கிழமையும் எம் பயிற்றுநருடன் கூடி யான் ஆராய்ந்த முறையையே இங்கு எழுதுகின்றேன். வேறு பெற்றோருக்கும் அது பயன்படலாம்.

முதலாவது, உயரம் எந்த ஆட்டத்திலே என்ன பயன் தரும் என்று காணல் வேண்டும். கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே வகுத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர். பனிக்காலத்தில் உள்ளே அடைபட்ட மாணவருக்காகப் பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் அறைந்தார். அவ்வுயரம் இன்றளவும் மாறவில்லை. அதன் கிளையாகப் பிறந்த வலைப்பந்தாட்டத்திலும் வளையம் அதே 10 அடி உயரத்திலேயே உள்ளது. ஆனால் இரண்டு ஆட்டங்களும் உயரத்துக்குத் தரும் விலை வேறு.

வலைப்பந்திலே நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்து ஏவினையிற் பிறந்து, வயாவிளான் மத்திய கல்லூரியிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கற்றவர். ஏறத்தாழ ஆறடி பத்தங்குல உயரத்தினர். ஆசியக் கிண்ணத்தை இலங்கை 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்றபோது அவ்வணிகளில் ஆடியவர். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் இட்டு, எல்லா நாட்டு வீராங்கனையருள்ளும் முதல்வராக நின்றார். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலும் கழக அணிக்கு ஆடினார். எம் மாணவனின் தந்தையார் இவ்வுதாரணத்தையே எடுத்துக் காட்டினார்: "எங்கட பிள்ளை ஒராள் உலகத்தில முதலாவதா வரேலுமெண்டால், இவனுக்கு ஏன் ஏலாது?"

தக்க கேள்வியே. ஆயின் வலைப்பந்தின் விதியை நோக்குக. கோல் எறிபவர் களத்தின் மூன்றிலொரு பங்கைக் கடந்து செல்லலாகாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் இல்லை. எதிர்த்து நிற்பவர் விதித்த தூரம் தள்ளியே நிற்றல் வேண்டும். ஆதலின் உயரத்தோடு குறி தவறாத கையும் பொறுமையும் ஒருவரிடத்தே கூடினால் அவரைத் தடுத்தல் அரிது. தர்ஜினியிடம் இவை மூன்றும் இருந்தன. உயரத்தை மட்டும் கண்டு வியந்தோர் மற்றை இரண்டையும் கவனித்திலர். கூடைப்பந்திலோ 28 மீற்றர் நீளக் களம் முழுவதும் ஒவ்வொருவரும் ஓடுதல் வேண்டும். பந்து கைமாறிய அக்கணமே தாக்கியவன் காவலனாதல் வேண்டும். வளையத்தை அடுத்த பகுதியிலே தாக்கும் அணியினன் மூன்று வினாடிக்கு மேல் தரித்து நிற்றலும் ஆகாது. ஆங்கே உயரத்துக்குக் கால் துணைசெய்தாலன்றிப் பயனில்லை.

இதற்கு இரு சான்றுகள் தெற்காசியக் குருதியிலிருந்தே உள. பஞ்சாபியப் பெற்றோருக்குக் கனடாவின் ரொறன்ரோவிற் பிறந்த சிம் புல்லர் ஏழடி ஐந்தங்குல உயரத்தர். நியூ மெக்சிக்கோ அரச பல்கலைக்கழகத்துக்கு ஆடி, தம் பல்கலைக்கழகப் பிரிவின் இறுதித் தொடரிலே 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டும் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதனை நம்பிப் பல்கலைக்கழகத்தை விட்டுத் தொழில்முறைத் தெரிவுக்குத் தம்மை ஒப்புவித்தார். 2014ஆம் ஆண்டுத் தெரிவில் எந்தக் கழகமும் அவர் பெயரைக் கூறவில்லை. பின்னர் 2015 ஏப்ரிலில் சக்ரமென்ரோ கழகத்துக்காகக் களமிறங்கி, என்.பி.ஏ.யில் ஆடிய முதல் இந்திய வமிசத்தவர் என்ற பெயரைப் பெற்றார். ஆனால் அங்கு ஆடியவை மூன்றே ஆட்டங்கள். பல்கலைக்கழகக் களத்தில் எதிரிகளை மறைத்த பேருடல், விரைந்தோடும் தொழில்முறைக் களத்தில் அவருக்கே சுமையாயிற்று. பின்னர்த் தாய்வானிற் பிழைப்புக் கண்டார்.

மற்றையவர் பஞ்சாப் மாநிலத்துப் பல்லோ கே என்னும் சிற்றூரிற் பிறந்த சத்நாம் சிங். ஏழடி இரண்டங்குலம். லூதியானாவிற் பயின்று, 2010இல், பதினான்கு வயதில், புளோரிடாவிலுள்ள பயிற்சிக் கழகமொன்றிற்குப் புலமைப்பரிசிலுடன் சென்றார். 2015ஆம் ஆண்டுத் தெரிவில் டலஸ் கழகம் அவரை 52ஆவதாகத் தெரிந்தது. இந்தியாவிற் பிறந்தோருள் முதன்முதல் தெரியப்பட்டவர் அவரே. பாரதம் முழுவதும் கொண்டாடிற்று. இருந்தும் என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டந்தானும் அவர் ஆடவில்லை. அதன் கீழ்நிலைத் தொடரில் ஆடித் திரும்பினார். இன்று மற்போர்க் காட்சி அரங்கில் நிற்கின்றார். அவர் பல்கலைக்கழக அணியில் ஆடிப் பக்குவம் பெறாமைக்குக் காரணம், நுழைவுக்கு வேண்டிய கல்வித் தகுதி கைகூடாமையே. அந்நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம், முதல்நிலைப் பிரிவில் ஆடவரும் மாணவன் 16 பாடநெறிகளில் உரிய தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டுமென விதித்துள்ளது. பந்து மட்டும் அக்கதவைத் திறவாது. நம் பெற்றோர் பலரும் முகவர் பலரும் இவ்வுண்மையை அறியார்; அறிந்தோர் சொல்லார்.

இரண்டாவது, உயரத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அதே 2014ஆம் ஆண்டுத் தெரிவில், சேர்பியா நாட்டு நிக்கோலா யோக்கிச் என்பவரை டென்வர் கழகம் 41ஆவதாகத் தெரிந்தது. அவர் விரைந்து ஓடார், உயரத் தாவார். ஆயினும் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலே தொடரின் மிகச் சிறந்த வீரர் எனப் பெயர் பெற்று, 2023இல் தம் கழகத்துக்கு வெற்றிக் கிண்ணமும் வாங்கித் தந்தார். அவர் செல்வம் கண். தோழன் எங்கே வருவான் என்பதை அவன் வருமுன்னே கண்டு பந்தை விடுவார். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து ஹக்கீம் ஒலாஜுவான் சிறுவயதில் உதைபந்தாட்டத்தில் வாயில் காத்தவர். பதினைந்து வயதளவிலேயே கூடைப்பந்தைத் தொட்டார். வாயில் காத்துப் பழகிய காலே பின்னாளில் அவர் பெருமைக்கு அடியாயிற்று. ஒருவரைக் கண் உயர்த்தியது. மற்றவரைக் கால் உயர்த்தியது. இருவருக்கும் உயரம் வாயிற்படி மாத்திரமே.

இவ்வளவையெல்லாம் மனத்திற் கொண்டு எம் மாணவனை நோக்கினோம். அவன் கை நல்ல கை. பந்து விரல்களிலே ஒட்டிநிற்கும். தனியெறி பத்தில் ஏழு, எட்டு உள்ளே விழும். மனமும் நன்று, தோல்வியில் தோழரைப் பழிப்பதில்லை. குறைகள் மூன்று. பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கையில் அவன் இடுப்பு நிமிர்ந்தே நிற்கும். குள்ளமான விரைவோட்டக்காரன் ஒருவன் எளிதிற் கடந்துபோவான். பந்தைத் தட்டிக்கொண்டு களம் கடக்க அறியான்; மூன்றாவது தட்டில் தலை குனிந்து பந்தையே பார்ப்பான். தூரத்திலிருந்து எறிவதோ அவன் பழகாத வித்தை.

இக்குறைகள் அவனுடையன என்பதினும், நம் வழக்கத்தினுடையன என்பதே பொருந்தும். நம் பாடசாலைகளில் ஒருவன் சற்று உயர்ந்துவிட்டால் அவனை வளையத்தின் கீழே நிறுத்தி, "நீ இங்கேயே நில், பந்து வந்தாற் பிடி" என்று சொல்லிவிடுகின்றோம். நெட்டைக் கமுகில் ஏணி சாத்துவது போல அவன் உயரத்தில் எம் வெற்றியைச் சாத்திக்கொள்கின்றோம். அதன் பயனாய் விளைவது யாது? ஆறடி ஐந்தங்குலம் கொழும்பில் நடுவன் ஆட்டக்காரனின் உயரம். என்.பி.ஏ.யிலோ நடுவனாக ஆடுவோர் பெரும்பாலும் ஆறடி பத்தங்குலமும் அதற்கு மேலும் வளர்ந்தவர். ஆறடி ஐந்தங்குலத்தான் அங்கே பந்தை நடத்தும் காவல் ஆட்டக்காரனாவன். அதாவது, எம் பிள்ளை கற்ற வேலைக்கு அங்கே உயரம் போதாது. உயரத்துக்கேற்ற வேலையை இங்கே எவரும் கற்பிக்கவில்லை. ஆறடி ஆறங்குல அளவிலே நடுவரைத் தடுத்து நின்ற டிறேமண்ட் கிறீன் போன்றோரும் உளர். அவரும் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் நான்காண்டு முழுவதும் ஆடித் தேறியே 2012இல் 35ஆவதாகத் தெரியப்பட்டார்.

மூன்றாவது, சந்தையின் அளவு. என்.பி.ஏ.யில் 30 கழகங்கள். ஆண்டுத் தெரிவு இரண்டு சுற்று. உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 60 பேர். அவ்வறுபதின்மரிலும் பலர் சில திங்களில் வீடு திரும்புவர். இவ்வெண்ணைச் சொன்னபோது தந்தையார் நெடுநேரம் பேசவில்லை.

எங்கள் முடிவை மறைக்காது கூறினோம். என்.பி.ஏ. இவனுக்கு எட்டாதது. வீட்டை ஈடுவைத்து வாங்கத்தக்க வாய்ப்பு அம்முகவர் கையில் இல்லை. ஆனால் பல்கலைக்கழக அணியிலும், பின்னர் நம் நாட்டு வணிக நிறுவனங்களின் அணியிலும் மதிப்புடன் ஆடக்கூடிய கை இவனுக்கு உண்டு. தேசிய அணித் தெரிவுக்கு அழைக்கப்படுதலும் கூடாததன்று. அதற்கு இரண்டாண்டு பந்து நடத்தவும் தூரத்திலிருந்து எறியவும் பயிலல் வேண்டும். உயர்தரத் தேர்வை எழுதியே ஆதல் வேண்டும். பின்னொருநாள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவனை அழைப்பினும், முதலிற் கேட்பது தேர்வுப் பெறுபேற்றையே.

தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவும் வெளிப்படையாச் சொன்னது போதும், சேர்" என்றார். மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பதினெட்டு வயதினன் ஒருவனிடமிருந்து கனவொன்றை வாங்கிக்கொள்வது இலேசான செயலன்று. ஆசிரியன் உண்மை கூறக் கடமைப்பட்டவன். அதனால் வரும் வெறுப்பையும் தாங்கக் கடமைப்பட்டவன். யான் அவனை அழைத்து ஆறுதல் கூற முற்படவில்லை. தமிழ் வகுப்பிலே கடைசி வரிசையிற் குனிந்தபடி இருந்தான், பாடம் நடந்தது.

மூன்றாம் கிழமை ஒருநாள், காலை ஆறு மணிக்கு, களத்திலே பந்து தட்டும் ஒலி கேட்டது. தலையை நிமிர்த்தியபடி, பந்தைப் பாராமலே, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தட்டிச் சென்றுகொண்டிருந்தான். நான்கு முறையில் மூன்று முறை பந்து காலிற்பட்டு ஓடிற்று. என்னைக் கண்டு, "சேர், நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கேல்ல. ஆனா அந்தத் தட்டுற விஷயம் சரி" என்றான். அவ்வளவே.

அவன் தேர்வில் தேறினான். நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலே முகாமைத்துவம் கற்றான். அதன் அணிக்கு வெளியாட்டக்காரனாக ஆடினான். இன்று வணிக நிறுவனமொன்றிலே கணக்குப் பகுதியிற் பணிபுரிந்துகொண்டு, மாலை வேளையில் அதன் அணிக்கு ஆடுகின்றான். தேசிய அணிக்கு அழைக்கப்படவில்லை. வெள்ளவத்தை வீடு இன்னும் அவர்களுடையதாகவே இருக்கின்றது.

நெடியவராய்ப் பிறந்து கல்வியையும் பந்தையும் ஒருங்கே கொண்டோர் உலகிற் பலர். கொங்கோ நாட்டு டிக்கெம்பே முற்றொம்போ மருத்துவனாகும் எண்ணத்துடன் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், ஏழடி இரண்டங்குலத்தர். மொழியியலும் இராஜதந்திரமும் கற்றுப் பட்டம் பெற்று, 1991இல் தொழில்முறை வீரராகி, ஈட்டிய பொருளால் தம் நாட்டுத் தலைநகர் கின்சாசாவிலே தாயார் பெயரால் மருத்துவமனை ஒன்று கட்டுவித்தார். அது 2007இல் திறக்கப்பெற்றது. ரிம் டங்கன் என்பவர், மகன் பட்டம் பெறல் வேண்டுமென்ற தாயாரின் விருப்பத்தை அவர் மறைந்தபின்னும் காத்தார். செல்வம் முன்னே நின்று அழைக்கவும் நான்காண்டுப் படிப்பை முடித்த பின்னரே, 1997இல், தெரிவுக்குச் சென்று முதலாவதாகத் தெரியப்பட்டார். இவ்விருவர் வரலாற்றையும் வகுப்பிலே சொல்வதுண்டு. கல்விக்கும் களத்துக்கும் பகை இல்லையென்பதை மாணவர் ஆசிரியர் வாயுரையினும் இத்தகையோர் வாழ்க்கையாலேயே எளிதில் ஏற்பர்.

பழைய மாணவப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள். உயர்ந்து வளரும் பிள்ளைக்கும் பந்து நடத்தக் கற்பிக்கத்தக்க பயிற்றுநரைத் தொடக்க வகுப்புகளுக்கும் அமர்த்த உதவுக. விரைந்து வளரும் எலும்புக்கும் மூட்டுக்கும் நேரும் நோவைப் பார்க்க, மருத்துவத் துறையிலுள்ள நம்மவர் ஆண்டுக்கு இருமுறையேனும் கல்லூரிக்கு வருக. நிறுவனங்களை நடத்துவோர், ஆடத் தெரிந்த பட்டதாரிக்குத் தொழிலும் மாலைப் பயிற்சிக்கு ஓய்வும் அளிக்க முன்வருக. ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் வாழ்வோர், இங்குள்ள பெற்றோரை முகவர் நாடும்போது அவர் கூறும் பள்ளி மெய்யாகவே உளதா, அங்கே ஆடியோர் எங்கே சென்றனர் என்று விசாரித்து ஒரு மடல் எழுதினாலே ஒரு குடும்பத்தின் கூரை காக்கப்படும்.

மாணவச் செல்வங்காள், உங்கள் உயரம் எத்துணையாயினும் ஆகுக. நிமிர்ந்து பார்த்துப் பந்தைத் தட்டப் பழகுங்கள். நிமிர்ந்து பார்த்துப் பாடத்தையும் கேளுங்கள். யூபிலி காணும் நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.